வழக்கமில்லாத இடத்தில் ஒட்டுண்ணி நீர்க்கட்டி: ஊசி குத்துமுன் ஒரு ஸ்கேன்

தொடையிலோ கழுத்திலோ மார்பகத்திலோ ஒரு கட்டி தட்டுப்பட்டால் கொழுப்புக் கட்டியா, நெறிக்கட்டியா, காசநோயா, புற்றா என்று வரிசையாக யோசிக்கிறோம். உள்ளே ஒட்டுண்ணி இருக்குமோ என்ற கேள்வி அந்த வரிசையில் பெரும்பாலும் வருவதே இல்லை. கல்லீரலில் நீர்க்கட்டி என்றால் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் எழுகிறது. தொடையில் என்றால் எழுவதில்லை. அதனால்தான் பல நேரம் நேராக ஊசி குத்திவிடுகிறோம், அல்லது சாதாரணக் கட்டி என்று கத்தி வைத்துவிடுகிறோம். உள்ளே இருந்தது என்ன என்று அதன் பிறகுதான் தெரியவருகிறது.

இந்த அத்தியாயம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் வேலை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்களுக்காக எழுதப்பட்டது. இப்படி ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி அனுப்பப்பட்ட நோயாளியும் அவர் குடும்பத்தாரும் படிக்கலாம். இரண்டு ஒட்டுண்ணிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாயின் நாடாப்புழுவால் வருவது ஹைடாட்டிட் நீர்க்கட்டி. மனிதக் குடலில் வாழும் பன்றி நாடாப்புழுவின் முட்டையால் வருவது சிஸ்டிசெர்கோசிஸ். இரண்டும் நம் ஊரில் இருக்கின்றன, இரண்டும் எதிர்பாராத இடங்களில் வருகின்றன. ஆனால் ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் கேடு வரும்.

நாயின் குடலிலிருந்து நம் தொடைக்கு

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. நாடாப்புழு என்றதும் அடிக்கணக்கில் நீளம் என்று நினைப்போம். இது 3 முதல் 7 மி.மீ. நீளம்தான். ஒரு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அந்த நாய் தெம்பாகத்தான் ஓடித் திரியும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் புல்லிலும் குட்டைத் தண்ணீரிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டுகின்றன. மேயும் ஆடு, மாடு அவற்றை விழுங்க, அதன் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளர்கிறது. அந்த ஈரல் நாய்க்குத் தீனியானால் புழு மறுபடி நாயின் குடலுக்கு வந்து சேர்கிறது.

மனிதர் இதில் தற்செயலாக அகப்படுகிறவர். நாயைத் தடவிய கை, கழுவாத கீரை, திறந்த குட்டைத் தண்ணீர் ஆகியவை வழியாக முட்டை வாய்க்குள் போகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரலைச் சமைத்துச் சாப்பிடுவதால் மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை. நோய் வருவது நாயின் வழியாகத்தான். “நாங்க சுத்த சைவம்” என்று ஒரு குடும்பம் சொன்னதும் இந்தச் சந்தேகத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குடலில் முட்டையிலிருந்து வெளிவரும் கரு, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலை அடைகிறது. சுமார் 70 சதவீதக் கட்டிகள் அங்கேயே உண்டாகின்றன. அதைத் தாண்டியவை நுரையீரலில் தங்குகின்றன. அது சுமார் 20 சதவீதம். இந்த இரண்டிலும் சிக்காமல் போனவை உடம்பின் பொது ரத்த ஓட்டத்தில் கலந்து எங்கே வேண்டுமானாலும் இறங்கும். மண்ணீரல், சிறுநீரகம், தசை, எலும்பு, மூளை, இதயம், கண்குழி, தைராய்டு, மார்பகம், இடுப்புக்குழி என எல்லா இடத்திலிருந்தும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மீதிப் பத்துச் சதவீதம் என்று சொன்னால் சிறியதாகத் தெரியும். அந்தப் பத்தில் ஒருவராக நம் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

கட்டிக்கு மூன்று அடுக்கு. வெளியே நம் உடம்பே எழுப்பும் நார்ச்சுவர். அதற்குள் ஒட்டுண்ணியின் வெள்ளைச் சவ்வு. அதன் உட்புறத்தில் மிக மெல்லிய முளைப்படலம். புழுத்தலைகளும் சேய்க்கட்டிகளும் உண்டாவது இந்தக் கடைசி அடுக்கில்தான். அறுவை அரங்கில் அந்த வெள்ளைச் சவ்வைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டால் தோல் உரித்த நுங்குச் சுளை போல வழுவழுவென்று கிடக்கும். ஒருமுறை பார்த்தவர் அதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டார். உள்ளே இருக்கும் நீரோ நிறமற்றது, தெளிந்தது. ஆபத்து முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். அதில் மிதக்கும் ஒவ்வொரு புழுத்தலையும் சிந்திய இடத்தில் ஒரு புதிய கட்டியாக வளரலாம்.

வளர்ச்சி மெதுவானது. ஆண்டுக்குச் சில மி.மீ. முதல் சில செ.மீ. வரை என்று ஆளுக்கு ஆள், உறுப்புக்கு உறுப்பு மாறும். சிறுவயதில் உள்ளே போன முட்டை நாற்பதாவது வயதில் கட்டியாகத் தெரிவது சாதாரணம்.

கேள்வியைக் கேட்கும் விதம்

இப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வலது தொடையின் பின்புறம் 8 செ.மீ. அளவில் வீக்கம். சில வருடங்களாக மெல்ல மெல்லப் பெரிதாகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை.

“வீட்டுல நாய் வளர்க்கிறீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“ஆடு, மாடு?”

“கிடை இருக்கு சார். இருநூறு உருப்படி செம்மறி.”

“கிடைக்குக் காவல்?”

“ரெண்டு நாய் நிக்கும். அது கிடை நாய் சார், வீட்டுக்குள்ள வராது.”

“ஆடு செத்தாலோ, அறுத்தாலோ, ஈரல்ல கெட்டுப்போனதை என்ன பண்ணுவீங்க?”

“நாய்க்குத்தான் போடுவோம். வேற என்ன பண்றது?”

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ‘வளர்ப்பது’ என்பது வீட்டு நாய்க்குத்தான் பொருந்தும் என்பது அவர் நினைப்பு. ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். வீடு, கிடை, பட்டி, தோட்டம், தெரு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இப்போது சென்னையில் கணினி வேலை பார்ப்பவராக இருந்தாலும் சிறுவயதில் எந்த ஊரில் வளர்ந்தார், தாத்தா வீட்டில் ஆடு இருந்ததா என்று கேளுங்கள். இன்னும் இரண்டு கேள்விகள் முக்கியம். முன்பு எப்போதாவது வயிற்றிலோ நெஞ்சிலோ ‘நீர்க்கட்டி’ என்று அறுவை செய்ததுண்டா? காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் தடித்து அரித்ததுண்டா? முதலாவதற்கு ஆம் என்றால் பழைய கட்டி மறுபடி முளைத்திருக்கலாம். இரண்டாவதற்கு ஆம் என்றால் எங்கோ ஒரு கட்டி கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மெதுவாக வளர்ந்த, வலியில்லாத, ஆழத்தில் உள்ள தசைக்கட்டி என்றால் சதைப் புற்றும் அப்படித்தான் வரும். அதனால்தான் பல மருத்துவர்கள் முதல் நாளே ஊசி உறிஞ்சல் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நோக்கம் நல்லது, வரிசைதான் தவறு. முதலில் ஸ்கேன் எடுத்தால் அந்த ஊசி தேவையா இல்லையா என்பது அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்கேனில் பார்க்க வேண்டியது

அல்ட்ராசவுண்ட்தான் முதல் கருவி. மலிவானது, கதிர்வீச்சு இல்லாதது, தாலுகா மருத்துவமனையிலேயே கிடைப்பது. திடமான கட்டி என்று கையால் தோன்றியது உள்ளே நீர் நிறைந்ததாக இருந்தால் உடனே நிதானியுங்கள். சுவர் இரட்டைக் கோடாகத் தெரிகிறதா? நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் உள்ளே மணல் போன்ற துகள்கள் எழும்பி மெல்லப் படிகின்றனவா? பெரிய கட்டிக்குள் சிறிய சிறிய கட்டிகள் அடுக்கியிருக்கின்றனவா? சவ்வு சுவரிலிருந்து பிரிந்து நீரில் நெளிந்து மிதக்கிறதா? இந்த நான்கில் ஒன்று தெளிவாக இருந்தாலும் ஹைடாட்டிட் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கட்டிக்குள் கட்டிகள் இருப்பதும், பிரிந்த சவ்வு மிதப்பதும் மிக உறுதியான அடையாளங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இந்தக் கட்டிகளை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. சி.இ. 1, சி.இ. 2 இரண்டும் உயிர்ப்புள்ளவை. முன்னது ஒற்றை அறை, பின்னது பல அறை. சி.இ. 3 மாறிக்கொண்டிருக்கும் நிலை. சவ்வு பிரிந்து மிதந்தால் 3ஏ, கெட்டியான பொருளுக்கு நடுவே சேய்க்கட்டிகள் இருந்தால் 3பி. சி.இ. 4, 5 அடங்கிப்போனவை. ஐந்தில் சுவர் சுண்ணாம்பேறியிருக்கும். கல்லீரலுக்காக வகுத்த அட்டவணை இது. தசை, மண்ணீரல், சிறுநீரகம் போன்ற இடங்களுக்கும் பயன்படுத்தலாம். எலும்புக்கு இது உதவாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வழக்கமில்லாத இடத்தில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட், நெஞ்சுக்கு எக்ஸ்ரே இரண்டையும் அதே நாளில் எடுங்கள். தொடையில் இருப்பது தெரிந்து, கல்லீரலில் இருப்பது தெரியாமல் போனால் சிகிச்சைத் திட்டமே தப்பாகிவிடும். அறுவைக்கு முன் சுற்றியுள்ள நரம்பு, ரத்தக்குழாய்களைப் பார்க்க எம்.ஆர்.ஐ. நல்லது. சுண்ணாம்புப் படிவையும் எலும்பு அரிப்பையும் சி.டி. நன்றாகக் காட்டும்.

ரத்தப் பரிசோதனையை நம்புவதில் எச்சரிக்கை தேவை. எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா சோதனை கல்லீரல் கட்டிகளில் பெரும்பாலும் சரியாகக் காட்டும். நுரையீரலில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டுமே காட்டும். மூளை, கண் போன்ற இடங்களில் இன்னும் குறைவு. கசியாத, முழுமையான கட்டியை நம் எதிர்ப்புச் சக்தி சரிவர உணர்வதில்லை. ஆகவே ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஊசியை எடுத்துவிடாதீர்கள். ஈசினோஃபில் அணுக்கள் கூடவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது. பெரும்பாலான நோயாளிகளுக்கு அவை கூடுவதில்லை. 1911இல் வந்த கசோனி தோல் சோதனையைப் பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இப்போது அதைச் செய்ய வேண்டியதில்லை.

தெரியாமல் ஊசி குத்தி, தெளிந்த நீர் வந்துவிட்டால்? பதற வேண்டாம். குத்தப்பட்டவர்களில் பலருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறுபடி குத்தாதீர்கள். நோயாளியைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம், நாடி, மூச்சைக் கவனியுங்கள். தடிப்பு, மூச்சிரைப்பு, அழுத்தக் குறைவு என்று அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தால் பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டும். எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் சுத்தமான குப்பியில் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புழுத்தலையோ கொக்கிகளோ தெரிந்தால் நோய் உறுதி. நடந்ததை அப்படியே கடிதத்தில் எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புங்கள். மறைத்தால் அடுத்து அறுவை செய்பவர் ஊசி போன பாதையைச் சேர்த்து எடுக்காமல் விட்டுவிடுவார்.

இடத்துக்கு இடம் மாறும் வேடம்

தசையில் வருவதைப் பார்த்தோம். தொடை, முதுகெலும்பை ஒட்டிய தசைகள், தோள்பட்டை ஆகியவை அடிக்கடி பேசப்படும் இடங்கள். அங்கே கட்டியைச் சுவரோடு முழுசாக எடுத்துவிட முடிந்தால் நல்ல பலன் கிடைக்கும்.

எலும்பு வேறு கதை. எல்லா ஹைடாட்டிட் நோய்களிலும் 4 சதவீதத்துக்கு உட்பட்டதுதான் இது. அதில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில். எலும்புக்குள் நார்ச்சுவர் உருவாவதில்லை. சுவர் இல்லாததால் ஒட்டுண்ணி உருண்டையாக நிற்காமல் எலும்பின் நுண்ணறைகளுக்குள் கிளை விட்டுப் பரவுகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி போலவே தெரியாது. எலும்பை அரிக்கும் புற்று போலவோ காசநோய் போலவோ இருக்கும். நம் நாட்டில் முதுகெலும்பு அரிப்பு என்றால் முதலில் காசநோயைத்தான் நினைக்கிறோம். நினைக்கவும் வேண்டும். ஆனால் காசநோய் மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டும் கால் மரத்துப்போவது கூடிக்கொண்டே வந்தால், சளிப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் காசநோயைக் காட்டவே இல்லை என்றால், எம்.ஆர்.ஐ. படத்தை ஹைடாட்டிட் என்ற கண்ணோடு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு ஹைடாட்டிட் திரும்பத் திரும்ப வரும். இதை ‘வெள்ளைப் புற்று’ என்று மருத்துவர்கள் அழைத்ததுண்டு. முதல் நாளே நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: அறுவை ஒன்றோடு முடியாமல் போகலாம், மாத்திரை நீண்ட காலம் வேண்டியிருக்கும்.

மூளையில் வரும் ஹைடாட்டிட் பெரும்பாலும் குழந்தைகளுக்கு. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம். ஸ்கேனில் பெரிய, வட்டமான, நீர் நிறைந்த ஒற்றைக் கட்டி இருக்கும். அளவு அவ்வளவு பெரிதாக இருந்தும் சுற்றிலும் வீக்கம் இராது. சீழ்க்கட்டியிலிருந்து பிரித்தறிய இதுவே வழி. நரம்பியல் அறுவை நிபுணர்கள் மூளையின் மேற்பரப்பை லேசாகத் திறந்து, தலையைத் தாழ்த்தி, கட்டிக்கும் மூளைக்கும் இடையே உப்பு நீரைப் பாய்ச்சி அதை உடையாமல் மிதந்து வெளியே வரவைக்கிறார்கள். டௌலிங் முறை என்று அதற்குப் பெயர். குழந்தை பிழைத்து முழு நலம் பெறுவதா, கட்டி மறுபடி மறுபடி வருவதா என்பது அந்தச் சவ்வு கிழியாமல் வெளிவருவதைப் பொறுத்தது.

சிறுநீரகத்தில் இருந்தால் விலாப்பக்கம் கனம் தெரியும், சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் வரும். கட்டி சிறுநீர்ப் பாதைக்குள் உடைந்தால் சவ்வுத் துண்டுகள் சிறுநீரோடு வெளியேறும். “மூத்திரத்துல தோல் தோலா வருது” என்று நோயாளி சொன்னால் அலட்சியம் வேண்டாம். அதைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையில் கிடைக்கும் உறுதியான ஆதாரம் அதுவே. மண்ணீரல், தைராய்டு, மார்பகம் இவற்றில் நோய் அறியும் முறை பொதுவானதுதான். பெண்களின் இடுப்புக்குழிக் கட்டியைச் சினைப்பைக் கட்டி என்று நினைத்து லேப்ராஸ்கோப்பியில் உடைத்து உறிஞ்சிவிடும் அபாயம் இருப்பதால், பல அறைகள் உள்ள சினைப்பைக் கட்டி என்றால் கல்லீரலையும் ஒருமுறை பார்த்துவிட்டு அறுவைக்குப் போவது நல்லது. இதயத்தில் வருவது மிக அரிது. வந்தால் அது உடையுமுன் இதய அறுவை நிபுணரிடம் சேர்க்க வேண்டும். கட்டி சின்னது என்று தள்ளிப்போட அங்கே இடமில்லை.

மாத்திரை, ஊசி, கத்தி

ஆல்பெண்டசோல் என்றதும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரைதானே என்பார்கள். மருந்து அதேதான். ஆனால் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது ஒரே ஒரு 400 மி.கி. மாத்திரை. ஹைடாட்டிட் கட்டிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை தினமும், இரண்டு வேளையாகப் பிரித்து. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 400 மி.கி. காலை, 400 மி.கி. இரவு. மருந்து மட்டுமே சிகிச்சை என்றால் 3 முதல் 6 மாதம் இடைவிடாமல். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் விஷயம் அல்ல இது. கல்லீரல் பாதிக்கப்படலாம், வெள்ளை அணுக்கள் குறையலாம், முடி கொட்டலாம். முதல் சில மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், தரக்கூடாது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இந்த மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடும். கொழுப்புச் சேர்ந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு ஐந்து மடங்கு வரை கூடுகிறது. நெய், முட்டை, பால் என்று வீட்டில் இருப்பதைச் சேர்த்து உண்டபின் சாப்பிடச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் இதை எழுதுங்கள். வாயால் சொன்னது வீடு போய்ச் சேருமுன் மறந்துவிடும்.

ஊசியே குத்தக்கூடாது என்றுவிட்டு, சில மருத்துவமனைகளில் ஊசி வழியாகவே இதற்குச் சிகிச்சை செய்கிறார்களே என்று கேட்கலாம். ‘பேர்’ என்று அழைக்கப்படும் அந்த முறை 1980களில் துனிசியாவில் தொடங்கியது. குத்துவது, நீரை உறிஞ்சுவது, புழுத்தலையைக் கொல்லும் மருந்தைச் செலுத்துவது, சிறிது நேரம் கழித்து மறுபடி உறிஞ்சுவது என்று நான்கு படிகள். 20 சதவீத உப்புக் கரைசலோ ஆல்கஹாலோ செலுத்துவார்கள். முன்கூட்டியே ஆல்பெண்டசோல் கொடுத்து, மயக்க மருந்து நிபுணர் அருகில் நிற்க, அட்ரினலின் கையில் இருக்க, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வது. கல்லீரலில் சி.இ. 1, 3ஏ கட்டிகளுக்கு நல்ல பலன் தருகிறது. பித்தக்குழாயோடு தொடர்பு இருந்தால் செய்யக்கூடாது. நுரையீரல், மூளை, இதயம், முதுகெலும்பு ஆகியவற்றில் செய்யவே கூடாது. தயாராகக் குத்துவதற்கும் தெரியாமல் குத்துவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் இத்தனை பக்கங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வழக்கமில்லாத இடங்களில் பெரும்பாலும் அறுவைதான் முதல் சிகிச்சை. முடிந்தவரை திறக்காமல் முழுக்கட்டியாக எடுக்க வேண்டும். சுற்றிலும் 20 சதவீத உப்புக் கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி, சிந்தினாலும் பரவாமல் காக்க வேண்டும். அறுவைக்குச் சில நாட்கள் முன்பிருந்து ஆல்பெண்டசோல், பின்பு குறைந்தது ஒரு மாதம் என்பது பொது நடைமுறை. இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு: நுரையீரல் கட்டிக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் சவ்வு நைந்து மூச்சுக்குழாய்க்குள் உடையலாம். அங்கே அறுவைக்குப் பின்தான் மாத்திரை. கெட்டியாகிச் சுண்ணாம்பேறிய, தொந்தரவு தராத கட்டி என்றால் ஒன்றும் செய்யாமல் ஆண்டுக்கொரு ஸ்கேனோடு காத்திருப்பதே சரியான சிகிச்சை. அதை நோயாளி ஏற்றுக்கொள்ள நேரம் செலவழித்துப் பேச வேண்டும்.

பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குணமான பிறகும் வருடக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ காட்டும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

நாக்கிலும் கண்ணிலும் ஒரு சிறு முடிச்சு

சிஸ்டிசெர்கோசிஸ் கட்டிகள் சிறியவை, பெரும்பாலும் 1 செ.மீ. அளவே. நாக்கு, உதடு, கன்னத்துத் தசை, கண்ணிமை, கை கால் தசை என எங்கும் வரும். அல்ட்ராசவுண்டில் சிறு நீர்க்கட்டியும் அதன் சுவரோரம் ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. அதைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை அநேகமாகத் தேவையில்லை. இங்கே ஊசியால் ஹைடாட்டிட் போன்ற ஆபத்து இல்லை. நாக்கிலோ உதட்டிலோ உள்ள முடிச்சை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதும். ஆனால் வெளியே ஒரு முடிச்சு இருந்தால் மூளையிலும் இருக்கலாம். வலிப்பு, தலைவலி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் மூளை ஸ்கேன் எடுங்கள்.

இங்கே ஆபத்து மாத்திரையில் இருக்கிறது. கண்ணுக்குள் கட்டி இருப்பது தெரியாமல் ஆல்பெண்டசோல் கொடுத்தால், புழு சாகும்போது எழும் அழற்சியால் பார்வை போகலாம். ஆகவே மாத்திரைக்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மூளையில் இருந்தால் ஸ்டீராய்டோடு சேர்த்தே ஆல்பெண்டசோல் தருகிறார்கள். ஒன்றிரண்டு கட்டிகளுக்கு 10 முதல் 14 நாள் போதும். மூளையில் ஒற்றைச் சிறு கட்டியோடு வலிப்பு வருபவர்களைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் குழுவினரும் செய்த ஆய்வு உலகம் முழுவதும் பயன்படுகிறது. கட்டி 20 மி.மீ.க்குக் குறைவாக, மூளை அழுத்தம் கூடாமல், படிப்படியாக மோசமாகும் பக்கவாதம் இல்லாமல் இருந்தால் அது சிஸ்டிசெர்கஸ் என்றே கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன் இத்தகைய பலர் காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் பூச்சி வரும் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. குற்றம் முட்டைக்கோஸுடையதல்ல. குடலில் பன்றி நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை வயலுக்கோ, அவர் கழுவாத கையிலிருந்து சாப்பாட்டுக்கோ வருகிறது. வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வரும்; அவர் கையால் சமைத்ததைச் சாப்பிட்ட சைவருக்கு மூளையில் கட்டி வரலாம். நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடவே தொடாத ஆசாரமான யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்தது 1992இல் பதிவானது. காரணம், வீட்டு வேலைக்கு வந்தவர்களின் குடலில் இருந்த நாடாப்புழு. ஆகவே ஒருவருக்குக் கட்டி வந்தால் வீட்டில் உள்ள மற்றவர்களின் மலத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

வராமல் தடுக்க

ஐஸ்லாந்தில் ஒருகாலத்தில் ஹைடாட்டிட் வீடு வீடாக இருந்தது. ஹரால்ட் க்ராபே என்ற டேனிஷ் ஆய்வாளர் 1863இல் அங்கே போய் நாய்களையும் ஆடுகளையும் ஆராய்ந்து, மறு ஆண்டு ஒரு சிறு கையேடு எழுதினார். அது வீடுதோறும் இலவசமாகப் போனது. நோயுள்ள ஈரலை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை, நாய்க்குப் புழு மருந்து கொடு, கையைக் கழுவு. அவ்வளவுதான் சாரம். பிறகு சட்டங்களும் வந்தன. இன்று அந்த நாட்டில் இந்த நோய் இல்லை. ஸ்கேனும் ஆல்பெண்டசோலும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

நம் ஊரிலும் அதே மூன்று காரியங்கள்தான். கிடை நாய்க்கும் தோட்டத்து நாய்க்கும் கால்நடை மருந்தகத்தில் பிரசிகுவாண்டல் மாத்திரையைக் கேட்டு வாங்கி, அவர்கள் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். இந்த முட்டைகளுக்குக் கை சுத்திகரிப்புத் திரவம் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர்ப்பை தெரிந்தால், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். கறிக்கடையில் நிற்கும்போது கடைக்காரர் கழிவைத் தெருநாய்க்கு வீசுவதைப் பார்த்தால் சண்டை போடாமல் எடுத்துச் சொல்லுங்கள். பல கடைக்காரர்களுக்கு இது நோய் பரவும் வழி என்று யாரும் சொன்னதே இல்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஹைடாட்டிட் கட்டி உறுதியாகியிருந்தால், அதே கிடையிலும் அதே முற்றத்திலும் வளர்ந்த அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் ஒருமுறை அழைத்துப்போய் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள்.